திரையில் கேட்காத குரல்

இருபது வருடமாகப் பாட்டு நாடகம் போடுகிறேன். பகலில் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. பின்னேரத்தில், பள்ளிக்கூட மண்டபத்தில், இயக்குநர். ஒரு ஆர்மோனியம், ஒரு தப்பு மேளம், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் ஏழெட்டுப் பேர். அதுதான் என் குழு.

அதில் ஒருத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு பிள்ளைகளின் தாய். பாட்டை நான் இரண்டு தடவை சொன்னால் போதும், மூன்றாவது தடவை அவள் பாடுவாள். நான் எழுதியதைவிட அது நன்றாக இருக்கும். கைக்குழந்தையை ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலையேறும் தாய் பாடும் பாட்டு ஒன்றை அவளுக்காகவே எழுதினேன்.

அந்தப் பாட்டு வரும் நாடகத்தை எம்பிலிப்பிட்டியவில் போட்டோம். சபையில் பாதிக்குமேல் சிங்களவர்கள். முடிந்ததும் ஒரு சிங்கள அம்மா மேடைக்கு ஏறி வந்து, "ஹரி லஸ்ஸனய் நங்கி", ரொம்ப அழகு தங்கச்சி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று சபையில் கொழும்புத் தயாரிப்பாளர் ஒருவரும் இருந்தார்.

"இதைப் படமா எடுப்போம் டீச்சர். நீங்களே டைரக்ட் பண்ணுங்க. ஆளுகளும் இவங்களே இருக்கட்டும்."

மழையிலும் அட்டைக்கடியிலும் பன்னிரண்டு நாள் எடுத்தோம். பாட்டையும் அவள் குரலிலேயே பதிவு செய்தோம்.

இரண்டு மாதம் கழித்து ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தேன். அசைவது அவள் வாய். பாடியது வேறு யாரோ. இனிமையான, பயிற்சி பெற்ற குரல்.

"அவங்க குரல் கொஞ்சம் கரகரப்பு டீச்சர். உச்சரிப்பும் தோட்டப் பேச்சு. வெளியில எடுபடாது" என்றார் தயாரிப்பாளர்.

"இது தோட்டத்துக் கதைதானே?"

"கதை தோட்டம்தான். கேக்கிறவங்க எல்லாரும் தோட்டம் இல்லையே."

கடைசி முடிவு அவருடையது என்று நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே இருந்தது. படிக்காமலா போட்டேன்? படித்துத்தான் போட்டேன். எழுந்து வெளியே போய் ஒரு பிளேன்டீ குடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். எந்தெந்த இடத்தில் அவள் உதடும் அந்தக் குரலும் ஒட்டவில்லை என்று கேட்டார்கள். சொன்னேன். ஒவ்வொன்றாகச் சரி செய்தார்கள்.

அதன்பிறகு மூன்று வாரம் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "படம் எப்ப டீச்சர் வரும்?" என்று கேட்பாள். "இந்தா வந்துரும்" என்பேன். ஆர்மோனியத்தைத் திறந்து ஒத்திகையைத் தொடங்கிவிடுவேன்.

றக்வானையில் ஒரு மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஆட்கள் லொறியில் வந்திறங்கினார்கள். முன்வரிசையில் அவள், மடியில் சின்ன மகள். பாட்டுத் தொடங்கியது.

"அம்மா, இது நீங்க பாடுறது இல்லயே?" பிள்ளையின் குரல் மண்டபம் முழுவதும் கேட்டது.

"சும்மா இரு."

அவள் எழுந்து போகவில்லை. கடைசிவரை நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தாள். வெளியில் என்னிடம் வந்தாள்.

"நான் பாடுனது சரியில்லீங்களா டீச்சர்?"

"ஒங்க பாட்டுல ஒரு குறையும் இல்ல."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா லயத்து ஆளுகள கூப்பிட்டிருக்க மாட்டேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

அந்தப் பாட்டுக்குக் கொழும்பில் ஒரு பரிசு கிடைத்தது. மேடையேறி வாங்கியவள் நான்.

அடுத்த நாடகத்துக்குக் கூப்பிட அவள் வீட்டுக்குப் போனேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், தேத்தண்ணி தந்தாள். "முடியாதுங்க டீச்சர், வேல கூடிப்போச்சு" என்றாள். கோபமாக ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லவாவது முயன்றிருப்பேன். அவளுடைய வேடத்தில் இப்போது வேறொரு பெண் நடிக்கிறாள். எழுதும் பாட்டெல்லாம் இன்னும் அவள் குரலில்தான் எனக்குள் வருகிறது. அதை அந்தப் பெண்ணுக்கு ஏற்றபடி மாற்றத் தெரியாமல் தடுமாறுகிறேன்.

அவள் பாடிய பதிவையாவது கொடுங்கள் என்று தயாரிப்பாளரிடம் கேட்டேன். "தேடிப் பாக்கிறோம்" என்றார். பலமுறை கேட்டேன். இப்போது என் அழைப்பை அவர் எடுப்பதில்லை. அந்தப் பதிவு இருக்கிறதா, அழித்துவிட்டார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது.