எம்.எல்.ஏ. ஓட்டிய பஸ்

எங்கள் எம்.எல்.ஏ. இடைத்தேர்தலில் வந்தவர். முன்பிருந்தவர் இறந்துபோனதால் மிச்சமிருந்த பதவிக்காலம்தான் இவருக்கு. சங்கராபுரம் டீக்கடைகளில் 'மீதி எம்.எல்.ஏ.' என்றே பெயர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்த அன்று வந்த மனுக்களில் பாதி, இறந்தவர் பெயருக்கே இருந்தன. பெயரை மாற்றி எழுதிவரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். எம்.எல்.ஏ. தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், அவரால இனிமே செய்ய முடியாதுய்யா. வாங்கி வை."

கரியாலூருக்கு மேலே ஒரு மலைக் கிராமத்திலிருந்து மகளிர் குழுத் தலைவி காசியம்மா வந்தார். ஊருக்கு பஸ் வேண்டுமாம்.

"மீதி ஆளுன்றாங்களே, உங்களால ஆவுமா?"

எம்.எல்.ஏ.வுக்கு ரோஷம் வந்துவிட்டது. அலைந்து திரிந்து அரசு பஸ் விட உத்தரவு வாங்கிவிட்டார்.

கரியாலூரில் தொடக்க விழா. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, எம்.எல்.ஏ. பத்தடி ஓட்டி, போட்டோ எடுத்ததும் இறங்கிவிடுவது வழக்கம். அவரும் அப்படித்தான் எழுந்தார்.

பின் சீட்டிலிருந்து காசியம்மா, "இன்னாண்ணே, அவ்ளோதானா? போன தடவ வுட்ட பஸ்ஸும் ஒரு வாரந்தான் வந்துச்சி" என்றார். கூட ஏறியிருந்த குழுப் பெண்கள் சிரித்தார்கள்.

எம்.எல்.ஏ. பழைய லாரி டிரைவர். மறுபடி உட்கார்ந்தார். "புடிச்சிக்கினு உக்காருங்க."

பஸ்ஸின் டிரைவர் ஓடிவந்து படியில் தொற்றினார். "சார், என் வேலை போயிடும் சார்!"

முதல் வளைவிலேயே எம்.எல்.ஏ.வுக்கு வியர்த்துவிட்டது, ஸ்டியரிங்கை டிரைவரிடம் கொடுத்தார். ஆனால் வண்டியைத் திருப்ப மேலே ஊரில்தான் இடம். விழாவுக்கு வந்து வண்டியில் ஏறியிருந்த டெப்போ மேனேஜர், பூமாலை, நான் எல்லோரும் மலையேறினோம்.

மேலே போனதும் பெண்கள் இறங்க மறுத்தார்கள்.

"வண்டி ராவுல இங்கயே நிக்கட்டும். காலைல மொத டிரிப்பு இங்கேர்ந்து எடுக்கட்டும். அப்பதான் தெனம் வந்தாவணும்" என்றார் காசியம்மா.

"நைட் ஹால்ட்டுன்னா ஸ்டாஃப் படுக்க ரூம் வேணும்மா" என்றார் மேனேஜர்.

"சமுதாயக் கூடம் சும்மாதான் கெடக்குது. ஃபேன் கீது. பாயி நாங்க தரோம்."

மேனேஜர் எம்.எல்.ஏ.வைப் பார்த்தார்.

"ஒத்துக்கய்யா. அவங்க எறங்குனாத்தான் நாம கீழ போவ முடியும்."

அடுத்த தேர்தலில் அவருக்கு சீட் இல்லை. எனக்கும் வேலை இல்லை. போன வாரம் மலைக்குப் போயிருந்தேன். விழா பேனர் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது, எம்.எல்.ஏ. அதில் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். சமுதாயக் கூடத்து வாசலில் பஸ் நின்றது. கண்ணாடியில் கண்டக்டரின் லுங்கி காய்ந்தது.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளே, பஸ் விழாவுக்குப் பூமாலைக்குச் சொல்வதற்கு முன், டிரைவர் ராத்திரி எங்கே படுப்பார் என்று கேட்டுவிடுங்கள்.