மாமாவின் கேமராவும் என் முதல் படமும்

ஒன்பது வயதில் நான் ஒரு படம் எடுத்தேன். சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. படத்தைப் பார்த்தவர்கள் அன்றைக்கே நம்பவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். மஸ்கட்டிலிருந்து வந்த மாமா, விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீட்டில் வந்து இறங்கியபோது தோளில் வீடியோ கேமரா தொங்கியது. கிளம்புவதற்கு முந்தின நாள் அதை ஒரு மணி நேரம் என்னிடம் கொடுத்தார். "கீழ போட்ட, ஒன்னையும் சேத்துப் போட்ருவேன்" என்பதுதான் அவர் நடத்திய ஒரே பாடம்.

டிவியில் வருகிற மாதிரி எல்லோரையும் பேட்டி எடுப்பதென்று முடிவு. அப்பாவிடம், "உங்க வாழ்க்கையில பெரிய கஷ்டம் எது?" என்று கேட்டேன். "நீதாம்லே" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அம்மாவிடம், நான் பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்ட அக்காவைப் பற்றிக் கேட்டேன். வீட்டில் யாரும் வாய் திறக்காத விஷயம். "அடுப்புல வேல கெடக்கு, போலே" என்று எழுந்துவிட்டாள். நானும் பட்டனை அமுக்கி, பீரோவுக்கு எதிரே இருந்த அரிசி டிரம் மேல் கேமராவை வைத்துவிட்டுக் கோலி விளையாடப் போனேன்.

சாயங்காலம் எல்லோரும் பார்க்க, மாமா வயரைச் சொருகி டிவியில் போட்டார். பேட்டி ஒன்றுகூட இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் கேமரா நின்றுவிட்டது என்று நினைத்த மேதை நான். எடுத்தபோதெல்லாம் நின்றிருக்கிறது, நிறுத்தியபோதெல்லாம் ஓடியிருக்கிறது. தரை, என் கால் பெருவிரல், மறுபடியும் தரை.

"பெருவெரல் நல்லா நடிக்குதுவே" என்று மாமா சிரித்துப் புரையேறினார்.

அடுத்து, அசையாமல் ஒரு பீரோ. அம்மா வந்தாள். அடித்தட்டிலிருந்து சின்ன மஞ்சள் கவுன் ஒன்றை எடுத்தாள். மடியில் போட்டு நீவினாள். மடித்து உள்ளே வைத்தாள்.

மாமாவின் சிரிப்பு நின்றது. போனவர்களின் துணியைப் பாபநாசத்தில் ஆற்றோடு விட்டுவிட வேண்டும், வீட்டில் வைத்தால் ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்காவின் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவரே அப்பாதான்.

"ஒண்ண எடுத்து வச்சிருந்தியா?" என்றார் அப்பா. கதவோரம் நின்ற அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

வீடு இரண்டாகப் போகிறது, அதற்குக் காரணம் நான் என்று கதவைப் பார்த்து நகர்ந்தேன்.

"ஏலே, எங்க போற? அத ஒருக்கா திருப்பிப் போடு" என்றார் அப்பா.

மூன்று தடவை போட்டேன். மறுநாள் மாமா கேசட்டைக் கேட்டபோது, "அது இங்கன கெடக்கட்டும் மாப்ளே" என்று அப்பா என்னிடமிருந்து வாங்கிப் பீரோவின் அடித்தட்டில் வைத்தார்.

கேமரா ஆடாமல் நின்றதுதான் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் படத்தை அப்பாவே வாங்கிவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.