கல்லில் இல்லாத வரி

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கல்லைப் பார்க்கப் போனவர்கள் நாங்கள் நான்கு பேர்: சின்னம்மா, அவர் மகள், என் அப்பா, நான். கூடைக்குள் ஒரு சேவலும் இருந்தது. அம்மா வரவில்லை, பசு எந்த நேரமும் ஈன்றுவிடும் போலிருந்தது. சித்தப்பாவும் இல்லை. அவர் பெயரைக் கல்லில் பார்க்கத்தான் போனோம்.

சித்தப்பா செத்து அப்போது ஒன்றரை வருடம். எங்கள் ஜில்லா சேலத்திலிருந்து தனியாகப் பிரிந்த பிறகு வந்த வருடங்களில் ஒன்று அது. சந்தை முடிந்து லாரியில் திரும்பிக்கொண்டிருந்தவர்களை, மலைச்சாலை வளைவில் பாறாங்கல்லைப் போட்டு மறித்து, ஒரு கொள்ளைக் கூட்டம் வெட்டியது. ஏழு பேர் செத்தார்கள். வெல்ல வியாபாரி ஒரு பாய், அவருடைய மருமகன், புளி விற்கப் போன ஓர் அம்மாள், லாரி கிளீனர், பக்கத்து ஊர்க் குடியானவர்கள் இருவர், அப்புறம் எங்கள் சித்தப்பா. இரண்டு ஆடு விற்ற பணம் அவர் மடியில் இருந்தது.

வியாபாரிகள் பணம் போட்டு, பஞ்சாயத்தார் இடம் கொடுத்து, அதே வளைவில் கல் நிறுத்தினார்கள். திறப்பு விழாவுக்குச் சின்னம்மாவுக்குக் கடுதாசி வந்திருந்தது. ஊரில் வாத்தியார் இருந்தார், தபால்காரர் இருந்தார், யாரிடமும் கொடுக்கவில்லை. "நம்ம வூட்டுப் புள்ள வந்து படிக்கட்டும்" என்று அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். நான் தீபாவளி விடுமுறைக்கு வந்து அதைப் பிரித்தபோது விழா முடிந்து நாலு நாள் ஆகிவிட்டது.

"விழாவுல நமக்கென்ன வேல? கல்லு அங்கியேதான நிக்கும்" என்றார் சின்னம்மா.

எங்கள் பக்கத்தில் காட்டோரங்களிலும் புளியமரத்தடியிலும் பழைய கற்கள் நிற்கும். வாளோ வில்லோ பிடித்த ஓர் ஆளைச் செதுக்கியிருப்பார்கள். எந்தக் காலத்திலோ சண்டையில் வெட்டுப்பட்டுச் செத்தவன். பெயர் யாருக்கும் தெரியாது, எல்லாரையும் வேடியப்பன் என்றே கும்பிடுவோம். மஞ்சள் பூசிப் பொங்கல் வைத்துச் சேவல் அறுத்தால் அவன் அடங்கிக் குடும்பத்துக்குக் காவலாக நிற்பான். கல் இல்லாவிட்டால் அலைவான். அவன் அலைகிற வரைக்கும் அந்த வீட்டில் தாலி ஏறக் கூடாது. சின்னம்மா மகளான என் தங்கச்சிக்குப் பொம்மிடியில் மாப்பிள்ளை பேசியிருந்தது. தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் அவசரப்பட்டார்கள். அவள் அப்பாவுக்குப் படைக்காமல் தாம்பூலம் மாற்றமாட்டேன் என்று சின்னம்மா நின்றார்.

"நம்மால முடியாதுன்னு கவர்மெண்டே கல்லு நட்டுக் குடுத்துருக்குது கண்ணு. ஒரு சேவலு, ஒரு படி அரிசி. நம்ம செலவு அம்புட்டுத்தான்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அந்த ஒன்றரை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

நான் அப்போது சேலத்தில் பி.ஏ. இரண்டாம் வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள். அந்த வருடம் கல்லூரிப் பேச்சுப் போட்டியில், கல்லைக் கும்பிடுகிறவர்களைக் கிழிகிழியென்று கிழித்துப் பேசி ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருந்தேன். என்ன பேசி வாங்கினேன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நான் ஊருக்கு வந்தால் அந்த டம்ளரில்தான் மோர்.

பஸ்ஸில் கண்டக்டர் கூடையைத் தட்டினார். "அக்கா, உள்ள யாரு?"

"சேவலுங்க."

"அதுக்கு அரை டிக்கெட்டு ஆகுமே."

"போறதுக்கு மட்டும் போடுங்க. அது திரும்பி வராது" என்றார் சின்னம்மா. பஸ்ஸே சிரித்தது. தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, இவர்களோடு வராத ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வளைவில் இறங்கினோம். கொள்ளை நடந்த இடம் என்று நினைக்கவே முடியாதபடி இருந்தது. சிமெண்டு மேடை, சுற்றிலும் இரும்புச் சங்கிலி, நாலு மூலையிலும் குரோட்டன்ஸ் செடி. நடுவில் ஆள் உயரத்துக்குப் பளபளவென்று கறுப்புக் கல். முகம் பார்த்துத் தலை சீவலாம். ஒருவர் உண்மையாகவே சீவிக்கொண்டிருந்தார். வேர்க்கடலைக்காரன் வந்துவிட்டான். மேடை நிழலில் ஒரு குடும்பம் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தது. "பணம் வெச்சிருந்தவந்தான் செத்தான். வெறுங்கையோட வந்தவன் எறங்கி ஓடிட்டான்" என்று ஒருவர் பக்கத்தில் நின்றவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அதைக் கேட்டார். தலைத்துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"டேய், நீ எங்கடா இங்க?"

திரும்பினால் என் விடுதி அறைக்காரன். அவன் அப்பா தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க். குடும்பத்தோடு பார்க்க வந்திருந்தான்; கழுத்தில் காமிரா. என் சித்தப்பா இப்படிச் செத்தார் என்று அவனிடம் நான் சொன்னதே இல்லை.

அவன் கூடையைப் பார்த்தான், அப்பாவின் தலைத்துண்டைப் பார்த்தான். "இவங்க யாரு?"

"ஊர்க்காரங்க" என்றேன்.

அப்பா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கூடையை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு தள்ளிப் போய் நின்றார்.

"சேவலோட வந்துட்டாங்க பாரு" என்றான் அவன். "உன் டம்ளர் பேச்ச இங்க பேசுடா. இவங்களுக்குத்தான் வேணும். நான் போட்டோ புடிக்கறேன்." அவன் கெட்டவனில்லை. நான் சிரிப்பேன் என்று நினைத்துத்தான் சொன்னான். நானும் சிரித்தேன்.

அப்போது மேடையிலிருந்து சின்னம்மா கூப்பிட்டார். "கண்ணு, இங்க வா சாமி. உங்க சித்தப்பன் பேரு எதுன்னு காட்டு."

போனேன். நாலாவது பெயர். பெயர், வயது, ஊர். காட்டினேன். சின்னம்மா உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு சேலை முடிச்சை அவிழ்த்து மஞ்சள் பொட்டலத்தை எடுத்தார். தங்கச்சி சொம்புத் தண்ணீரோடு குனிந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அறைக்காரன் காமிராவைக் கண்ணில் வைத்திருந்தான். அந்தப் படம் விடுதிச் சுவரில் ஒட்டியிருப்பது போலவே எனக்குத் தெரிந்தது.

"சின்னம்மா, வேண்டாம். கல்லுலயே எழுதியிருக்குது."

"என்னன்னு?"

பெயர்களுக்குக் கீழே கடைசியாக ஒரு வரி இருந்தது. அதன் அடியில் விரலை ஓட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற குரலில் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்: "இங்கு மஞ்சள் குங்குமம் பூசக் கூடாது. உயிர்ப்பலி கொடுக்கக் கூடாது. மீறினால் நூறு ரூபாய் அபராதம்."

அப்படி ஒரு வரி அந்தக் கல்லில் இல்லை.

சின்னம்மா என் விரல் நின்ற இடத்தையே பார்த்தார். பொட்டலத்தை மறுபடி முடிந்துகொண்டார். "அப்படியா எழுதியிருக்குது" என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு என்னிடம், "தொட்டா ஒண்ணும் சொல்லமாட்டாங்கல்ல?" என்று கேட்டார்.

"தொடலாம்."

இன்னொரு தரம் அந்தப் பெயரைத் தொட்டுக்கொண்டார். எதிரே பஸ் வருகிறது என்று நான் எல்லாரையும் கிளப்பினேன். அங்கே நாங்கள் இருந்தது கால் மணி நேரம்கூட இருக்காது.

போகும்போது வந்த அதே கண்டக்டர். "என்னக்கா, திரும்பி வராதுன்னீங்க?" என்றார். சின்னம்மா கூடையை மடிப் பக்கம் இழுத்துக்கொண்டார். சேவலுக்கு அரை டிக்கெட் கேட்டுக் கண்டக்டர் மறுபடி சிரிக்க வைக்கப் பார்த்தார், யாரும் சிரிக்கவில்லை. இறங்கி நடக்கையில் அப்பா, யாரைப் பார்த்தும் இல்லாமல், "ஊர்க்காரங்கன்னு சொன்னதும் சரிதான். நாம எல்லாம் ஒரே ஊருதான" என்றார்.

நேர்ந்துவிட்ட சேவலை அறுத்துத் தின்ன முடியாது, விற்கவும் முடியாது. விடுமுறை முடிகிற வரைக்கும் அது என் தலைமாட்டில் கூவியது. கல்லெடுத்து எறியப் போனேன். "வெரட்டாத. அது உங்க சித்தப்பனுது" என்றார் அம்மா. சின்னம்மா போகிற வருகிற இடமெல்லாம் கல்லில் எழுதியிருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க புள்ளதான் படிச்சுச் சொல்லுச்சு. இல்லீன்னா நூறு ரூவா தெண்டங் கட்டியிருப்போம்." கேட்டவர்கள் என்னை மெச்சினார்கள்.

பொங்கலுக்கு ஊர் திரும்பும்போது பஸ் அந்த வளைவில் நின்றது. அதற்குள் அது வழக்கமாகியிருந்தது. டிரைவர் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் மேடு ஏற்றுவார். நானும் இறங்கினேன்.

கறுப்புக் கல் பாதிக்கு மேல் மஞ்சளாக இருந்தது. பெயர் பெயராகப் பொட்டு வைத்திருந்தார்கள். கிளீனர் பெயருக்கு லாரிக்காரர்கள் எலுமிச்சம்பழம் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பாய் பெயருக்கும் மருமகன் பெயருக்கும் குங்குமம் இல்லை. சந்தனம் தடவி மல்லிகைச் சரம் வைத்திருந்தது. மேடைக்குக் கீழே பொங்கல் வைத்த கரிக்கல். நாலாவது பெயர் மட்டும் அன்றைக்குப் பார்த்த மாதிரியே கறுப்பாக, தூசி படிந்து இருந்தது.

பஞ்சாயத்துக் காவல்காரர் கூட்டிக்கொண்டிருந்தார். "இதெல்லாம் பூசலாங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் பூசக்கூடாது? மொதல்ல எல்லாரும் தயங்குனாங்க. புளிக்கார அம்மா மகன் வந்து வெச்சான். அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. தண்ணி மொண்டு குடுத்ததே நாந்தான்." விளக்குமாற்றால் நாலாவது பெயரைக் காட்டினார். "இந்த ஆளுக்குத்தான் ஒருத்தரும் வரல. வாரிசு இல்லாத மனுசன் போல."

இருக்கிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. மேடையில் யாரோ வைத்திருந்த இலையில் குங்குமம் இருந்தது, நானே ஒரு பொட்டு வைத்திருக்கலாம். சின்னம்மா கையால் வைக்க வேண்டியது, நான் முந்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். பஸ் ஜன்னலிலிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை.

வீட்டில் சேவல் சத்தம் இல்லை. அம்மா எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். மோர் இல்லையா என்று கேட்டேன்.

"மாடு ஏது மோருக்கு? கன்னுக்குட்டியோட வித்தாச்சு. காட்டுக்குப் போய்ப் பாரு, உங்க சித்தப்பனுக்குக் கல்லு நட்டிருக்குது."

போய்ப் பார்த்தேன். கிணற்று மேட்டில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கல். அதில் ஓர் ஆள். வாளில்லை, ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். காலடியில் இரண்டு ஆடுகள். எழுத்து ஒன்றுகூட இல்லை. மஞ்சள் இன்னும் ஈரமாக இருப்பது போலிருந்தது. பங்காளிகள், சம்பந்தி வீட்டார், பக்கத்துக் காட்டுக்காரர்கள், மேளக்காரர் வரைக்கும் வந்திருந்தார்களாம். எனக்கு மட்டும் சொல்லவில்லை.

"உனக்குப் பரீச்ச. அதுவுமில்லாம நீ நாலு பேரு முன்னால பேசற புள்ள, வந்து நின்னா உனக்குச் சங்கடமா இருக்கும்னு சின்னம்மாதான் சொல்லவேண்டாம்னுச்சு" என்றார் அம்மா.

சின்னம்மா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன். தாம்பூலம் மாற்றியாகிவிட்டது, தை கடைசியில் முகூர்த்தம் என்று மகிழ்ச்சியாகச் சொன்னார். முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன்.

"அந்தக் கல்லுல அப்படி எழுதல, சின்னம்மா. நான் பொய் சொன்னேன். எல்லாரும் பூசியிருக்காங்க."

முறம் நிற்கவில்லை. நான்கைந்து தரம் புடைத்த பிறகு, "பின்ன என்னதான் எழுதியிருக்குது?" என்று கேட்டார்.

"இவ்வழிச் செல்வோர் ஒரு கணம் நின்று செல்க."

"அப்படீன்னா?"

"இந்தப் பக்கம் போறவங்க கொஞ்சம் நின்னுட்டுப் போங்கன்னு."

"நிக்கச் சொல்லியா எழுதியிருக்குது?" முறத்தை மடியில் வைத்துக்கொண்டார். கோபித்தால் தாங்கியிருப்பேன். "நாம எங்க கண்ணு நின்னோம்? பஸ்ஸு வருதுன்னுட்டயே" என்றார். அவ்வளவுதான். மறுபடி புடைக்கத் தொடங்கினார்.

செலவை அப்பாவிடம் நானாகத்தான் கேட்டேன். சொல்லமாட்டேன் என்றவர், மறுநாள் தண்ணீர் கட்டிக்கொண்டே மண்வெட்டியை ஊன்றி நின்று சொன்னார். கல்லுக்குத் தொண்ணூறு. செதுக்கினவருக்கு எழுபத்தைந்து. வண்டி வாடகை இருபது. பொங்கலுக்கும் பூசாரிக்கும் வந்தவர்கள் சோற்றுக்கும் ஐம்பத்தைந்து. சேவல் சொந்தச் சேவல், அது கணக்கில் இல்லை. ஆக இருநூற்று நாற்பது ரூபாய். பசுவும் கன்றும் அதற்குத்தான் போயிருந்தன.