கொடி விழும் வரை

மாட்டுக் கொட்டகைகளில் வேலை செய்கிறவர்களுக்குக் கன்று வளர்ப்பு சொல்லிக்கொடுப்பது, ஐம்பதுகளின் தொடக்கத்தில் என் உத்தியோகம். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்த்தது யார் புத்தியோ!

அன்றைக்குத் திருவொற்றியூரில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு கொட்டகையில் வகுப்பு. நான் போய் இறங்கியதுமே மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சாணி அள்ளுகிற ஒரு பெண்ணைக் காட்டினார். நிறைமாதக்காரி.

“மொத கொயந்த தங்கல சார். அத்த ரொம்ப வேல வாங்காத,” என்றார்.

நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். படத்தைச் சுவரில் மாட்டி, கன்றின் முதல் உணவு என்று வாயைத் திறப்பதற்குள் பின்னால் கட்டியிருந்த பசு கன்று போட்டுவிட்டது. படத்தைச் சுருட்டி வைத்தேன். இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

கன்று எழப் பார்த்தது; கால் வழுக்கி விழுந்தது. “மடிக்குக் கொண்டுபோங்கள்,” என்றேன். நல்ல மனிதர் குறுக்கே வந்து நின்றார்.

“கொடி இன்னும் வுயல சார். அதுக்குள்ள கன்னு வாய் வெச்சா, கொடி உள்ளயே நின்னுகும். மாடு பூடும். மொதலாளிக்கு நீயா வந்து பதில் சொல்லுவ?”

நஞ்சுக்கொடி விழும் வரை கன்றுக்குப் பால் இல்லை என்பது அங்கே சட்டம். விழுந்த பிறகும் முதலில் கறக்கிற சீம்பால் முதலாளி வீட்டுக்குத்தான். வெல்லம் போட்டுக் காய்ச்ச அவர்கள் அனுப்பிய தூக்குப் பாத்திரம் ஆணியில் தயாராகத் தொங்கியது.

கன்று பால் குடித்தால்தான் கொடி சீக்கிரம் விழும் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். பிறகு கத்தினேன். நான் கத்தக் கத்த மேஸ்திரியின் பிடிவாதம் ஏறியது. பக்கத்துக் கம்பெனியில் மதியச் சங்கு ஊதியது. கொடி விழவில்லை. கன்றின் வாய்க்குள் விரலை விட்டேன், சில்லென்றிருந்தது. விரலைச் சப்பக்கூட அதற்குத் தெம்பில்லை. அந்தப் பெண் சாக்கால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“சீம்பால் வெறும் பால் இல்லையப்பா, மருந்து!” என்று மேஸ்திரியிடம் சீறினேன். “அது கிடைக்காத குட்டி இரண்டு நாள் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் சீக்கு வந்து போய்விடும். தாய் அதைத் தன் குட்டிக்கென்று வைத்திருக்கிறாள், உங்கள் தூக்குக்கு இல்லை!”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“சார், மன்சங்களுக்கும் அப்டிதானா?”

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். நான் மாட்டுக்காரன், மனிதர்களைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நழுவியிருக்கலாம். அவள் வயிற்றைப் பார்த்தேன். இல்லை என்று சொன்னால் அதற்குள் இருக்கிற பிள்ளைக்குத் துரோகம்.

“ஆமாம்மா,” என்றேன்.

அவள் சாக்கோடு கன்றைப் பிடித்து மடிப்பக்கம் இழுக்க ஆரம்பித்தாள்.

“ஏமே, இந்த வவுத்த வெச்சுகினு…” என்று ஓடிவந்த மேஸ்திரி, அவளை நிறுத்துவார் என்றுதான் நினைத்தேன். சாக்கின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

காம்பைக் கன்றின் வாயில் திணித்து, நாக்கில் படும்படி பீச்சினாள். மஞ்சளாக, கெட்டியாக வந்தது. முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. பிறகு தானே சப்பியது. என் கண் கலங்கியதை மறைக்க, சுருட்டி வைத்த படத்தைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

சற்றைக்கெல்லாம் கொடியும் விழுந்தது. பசு நன்றாகவே நின்றது. கொடியை வைக்கோலில் சுற்றி எடுத்துக்கொண்டு மேஸ்திரி ஆலமரத்தில் கட்டப் போனார். தூக்கு ஆணியிலேயே இருந்தது.

“மொத கொயந்தைக்குச் சக்கரத்தண்ணிதான் குடுத்தாங்க சார்,” என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமல். “எனக்குப் பால் கட்டிகினு உசுரு போச்சு. செவுத்துல பீச்சுன்னாங்க. பீச்சினேன்.”

கன்று மறுபடியும் மடியை முட்டியது. அதன் முதுகைத் தடவினாள்.

“நீ குடி,” என்றாள்.