மாமியின் பெருவிரல்

மாமி எடுத்து அனுப்பிய படம் ஒன்று என் கணினியில் இருக்கிறது. ஊரில், கரம்பொன்னில் எங்கள் வீட்டுச் சமையல் குசினி வாசலை ஒட்டிய சுவர் அது. நடுவில் சுண்ணாம்பு சுரண்டப்பட்டு, உள்ளே இருக்கும் கடல் முருகைக்கல் பல்லைக் காட்டுகிறது. இடது மூலையில் மாமியின் பெருவிரல் படத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது; நகத்துக்குள் முழுக்கச் சுண்ணாம்பு. தொழில் கண்ணால் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத படம். அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். முதலில் மாமி மீது வந்தது. இப்போது யார் மீது வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கணினி விளையாட்டுகளுக்குச் சுவரும் தரையும் செய்வது என் வேலை. உண்மையான ஒரு சுவரைப் படம் எடுத்து, நிழலை நீக்கி, ஓரங்களைப் பொருத்தி, மெய்நிகர் உலகத்தில் எழுப்பிய வெறும் சுவரின் மேல் ஒட்டுவோம். டெக்ஸ்சர் என்பார்கள். ஒரு முழத்துக்குப் படம் இருந்தால் போதும், தன்னைத்தானே திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டு ஒரு கோட்டையையே மூடிவிடும். இனி விமானம் ஏறவேண்டாம் என்று கனடா வைத்தியர் அம்மாவுக்குச் சொன்ன பிறகு, எங்கள் வீட்டையும் அப்படிக் கட்டி அம்மாவை உள்ளே நடக்கவிடலாம் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "குசினிக் கதவடியிலை கொண்ணையின்ரை கோடு இருக்கெல்லே, அதை வடிவாய்ப் போட்டுவிடு பிள்ளை."

ஒவ்வொரு கோயில் பெருநாள் அன்றும் அப்பா என் அண்ணையைச் சுவரோடு நிறுத்தி, தலைக்கு மேலே பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். பதினாறாவது கோட்டுக்குப் பிறகு அண்ணை கடலுக்குப் போனார், திரும்பி வரவில்லை. அதன் பின் பெருநாளுக்கு வீடு முழுவதும் வெள்ளையடித்தாலும் அந்த ஒரு முழ அகலத்தை மட்டும் அம்மா தொடவிடமாட்டார். ஏன் என்று யாருக்கும் சொன்னதும் இல்லை. நாங்கள் கனடாவுக்கு வெளிக்கிட்ட பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. அப்பாவின் தங்கையும் அம்மாவின் மச்சாளுமான மாமி, மண்கும்பானில் கணவரை இழந்த பிறகு, அங்கே வந்து இருக்கத் தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

மாமிக்குத் தொலைபேசியில் பாடம் எடுத்தேன். "நிழல் விழக்கூடாது மாமி. சுவரைத் தவிர வேறை ஒண்டும் தெரியக்கூடாது." "ஓம் பிள்ளை, ஓம்" என்றார். நான்கு நாள் கழித்து நாற்பது படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் பெருவிரல். எல்லாச் சுவரும் நீலம் கலந்த புது வெள்ளை. படம் எடுக்கப் போகிறார்கள் என்றால் முகம் கழுவிப் பவுடர் போடும் ஊர் எங்களுடையது. மாமி அதையே வீட்டுக்கும் செய்திருந்தார். பெருநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, அந்த வயதில் ஏணி வைத்து ஏறி, தன் கையாலேயே வெள்ளையடித்திருக்கிறார். குசினிச் சுவரில் கோடு இல்லை.

கத்தினேன். கோட்டின் கதையை அப்போதுதான் மாமிக்குச் சொன்னேன். அதுவும் கத்திக்கொண்டு சொன்னேன். மாமி, "ஆரோ பொடியள் கிறுக்கினதாக்கும் எண்டு நினைச்சன். நீர்தானே சொன்னனீர், சுவரைத் தவிர வேறை ஒண்டும் தெரியக்கூடாதெண்டு" என்றார். என் சொல்லே திரும்பி வந்து நின்றதும் கோபம் இன்னும் கூடியது. "அந்தப் பெருவிரலையாவது விலத்தி எடுத்திருக்கலாமே!" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

பெருவிரல்களை வெட்டி எறிந்துவிட்டு அந்த வெள்ளையை ஒட்டிப் பார்த்தேன். வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. புகைக்கறை ஒன்று பூசினேன். ஒரு முழத்துக்கு ஒருமுறை அதே கறை வரிசையில் வந்து நின்றது. இணையத்தில் கிடைத்த பழஞ்சுவர்களில் எந்தக் குளிர்நாட்டுப் பாசியோ படர்ந்திருந்தது. கடைசியில் கோடுகளை நானே கீறினேன். அம்மா திரையைப் பார்த்த உடனேயே பிடித்துவிட்டார். "இது நீ கீறினது. கொப்பர் இழுத்தால் இடப்பக்கம் சரியும்." சரித்துக் கீறினேன். "இது வேறை ஆரின்ரையோ வீடு, விடு" என்று எழுந்து போனார். ஊரார் சுவருக்கெல்லாம் அழுக்குப் பூசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். எங்கள் வீட்டு அழுக்கு என் கைக்கு வரவில்லை.

ஒரு கிழமை கழித்து, சுரண்டிய சுவரின் படம் வந்தது. கூடவே மாமியின் குரல் பதிவு. "கரண்டியாலை சுரண்டினனான் பிள்ளை. கல்லுத் தெரிஞ்சிட்டுது, அதாலை பிறகு நகத்தாலை மெல்ல மெல்லப் பாத்தனான். கோடு இன்னும் வரேல்லை. நாளைக்கும் பாக்கிறன்." கோபம் ஆறாததால் நான் பதில் போடவில்லை. நாளைக்குப் போடலாம் என்று நினைத்தேன். அந்த மாசியில் மாமி நித்திரையிலேயே போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு வைக்க மாமியின் படம் ஒன்று கேட்டார்கள். நாங்கள் எல்லோரும் தேடினோம், ஒன்றும் இல்லை. என்னிடம் முன்பு நாற்பது பெருவிரல்கள் இருந்தன. வெட்டியதும் நான், இடத்தை அடைக்கிறது என்று மூலப் படங்களை அழித்ததும் நான். சுரண்டிய சுவரின் படம் மட்டும், ஒன்றுக்கும் உதவாது என்று தொடாமல் விட்டதால், தப்பிக் கிடந்தது.

போன கிழமை அந்தப் படத்தை வெட்டாமல் அப்படியே குசினிச் சுவரில் ஒட்டினேன். அது தன் வழக்கப்படி திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டது. கதவடியிலிருந்து மூலை வரை, முழத்துக்கு முழம், நகத்தில் சுண்ணாம்போடு மாமியின் பெருவிரல். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "போதுமெண்டு சொல்லு பிள்ளை. மச்சாளின்ரை நகம் போகப்போகுது."