பின்சக்கரத்துக்குப் பெரிய பிரேக்

முன்சக்கரம் இழுக்கிற கார் எங்கள் வட்டாரத்தில் என்னிடம் மட்டுமே இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாரும் வேண்டாம் என்றதால்தான் அது என்னிடம் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலிலிருந்து மூட்டை கட்டிய சமயம், அவர்களில் ஒருவர் விட்டுப்போன வண்டி அது. ஸ்டீயரிங் இடதுபக்கம் இருக்கும். கியர்க் கம்பி தரையிலிருந்து முளைக்காமல், எதிரே டாஷ்போர்டுப் பலகையிலிருந்து குடைக்காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். நான் ஓட்டிப் போகும்போது எதிரே வருகிறவர்கள் வலதுபக்கம் உட்கார்ந்திருக்கும் என் மனைவியைப் பார்த்து, ஒரு பெண்பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டே கார் ஓட்டுகிறாள் என்று வாய் பிளப்பார்கள்.

பொன்னமராவதியில் எனக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. ஆகவே பிரேக் என்கிற விஷயத்தில் நான் ஒரு பண்டிதன் என்பது என் எண்ணம். வாடகைக்குச் சைக்கிள் எடுக்கிற ஒவ்வொருவரிடமும், "முன் பிரேக்கைத் தொடாதீங்க, தலைகுப்புற விழுவீங்க. பின் பிரேக்கை மட்டும் பிடிங்க" என்று சொல்லித்தான் அனுப்புவேன். ஏன் விழுவார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பண்டிதர்களுக்கு அந்தச் சிரமம் கிடையாது.

என் மனைவி ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். பொன்னமராவதியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், தவறினால் இடம் வேறொருவருக்கு. எங்கள் ஊரிலிருந்து போகிற பஸ், பள்ளிக்கூட மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் அங்கே போய் நிற்கும். வேறு வழி என் கார்தான். அதில்தான் சிக்கல். என் கார் புறப்படுவதில் எந்தக் குறையும் வைக்காது. நிற்பதற்குத்தான் கொஞ்சம் யோசிக்கும்.

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையிலிருந்து ரோடு சரிந்து இறங்குகிற இடத்தில் என் மாமனாரின் களம். ஒருநாள் அந்தச் சரிவில் இறங்கி, களத்துக்கு முன்னால் நிறுத்தி, அவரைக் கும்பிடலாம் என்று பிரேக்கை மிதித்தேன். கார் களத்தைத் தாண்டி, வைக்கோல்போருக்குள் மூக்கை நுழைத்த பிறகு நின்றது. கும்பிட்ட கையோடு வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கினேன்.

"மாப்ளே, காருக்கும் தீனி வைக்கிறதா இருந்தா முன்னாடியே சொல்லிருக்கலாம்ல" என்றார் மாமனார். அப்புறம் மகளைப் பார்த்து, "ஆத்தா, இந்த வண்டியில ஒன்ன நான் அனுப்ப மாட்டேன். இந்தச் சரிவுல நான் நடுற கம்புக்கு முன்னால இது நிக்கட்டும், நீ வேலைக்குப் போ. நிக்கலையா, வீட்ல இரு" என்றார்.

அன்று ராத்திரிச் சோற்றை அவள் எனக்குக் கொஞ்சம் சத்தமாகப் பரிமாறினாள்.

மறுநாள் மாமனாரே வழியும் சொன்னார். "மாட்டு வண்டியில மாடு முன்னால இழுக்குது. எறக்கத்துல நிறுத்தணும்னா கட்டைய எங்க குடுக்குறோம்? பின்னால சக்கரத்துலதான. ஒங்க காரும் முன்னாலதான இழுக்குது? அப்ப பிடிப்பு பின்னால வேணும்ல." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் சைக்கிள் சாஸ்திரமும் அவருடைய மாட்டு வண்டிச் சாஸ்திரமும் ஒன்றாக வந்து பின்சக்கரத்தைக் காட்டுகின்றன. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

புதுக்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அப்படி ஒரு காரை அவன் பார்த்ததே இல்லை. அதனால் பயமும் இல்லை. "பின்னால லாரியோட பிரேக் சிலிண்டரப் போட்டுருவோம்ணே. மிதிச்சீங்கன்னா சக்கரம் செத்துரும்" என்றான். பெரிய சிலிண்டர் போட்டால் பிரேக் கட்டைகள் சக்கரத்தை அத்தனை பலமாகக் கவ்வுமாம். போட்டான். முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சோதனைக்கு மாமனார் தன் தம்பிகளையும் கூட்டி வந்துவிட்டார். பின்சீட்டில் அவர்கள் எல்லாரும் ஒருவர் மடியில் ஒருவராக ஏறிக்கொண்டார்கள். மாமனார் சரிவின் அடியில் கம்பை நட்டுவிட்டு நின்றார். காரை இறக்கினேன், மிதித்தேன். கார் கம்புக்கு ஒரு முழம் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. மாமனார் கம்பைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "போய்ட்டு வா ஆத்தா" என்றார். மனைவி அன்றைக்கே புதுச் சேலைக்குக் கஞ்சி போட்டாள்.

சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவிட்டு வரலாம் என நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். காரையூர் ரோட்டில் ஒரு வெள்ளாடு குறுக்கே வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். அப்புறம் நடந்ததில் எனக்குப் பங்கில்லை. பின்சக்கரங்கள் கிறீச்சென்று கத்தின. பனைமரங்கள் எல்லாம் வரிசையாக இடமிருந்து வலமாக ஓடின. புழுதி அடங்கியபோது கார் நடுரோட்டில் நின்றிருந்தது. ஆடு பத்திரமாக இருந்தது. நாங்களும்தான்.

அவள் சேலை மடிப்பைச் சரிசெய்தபடி எதிரே பார்த்தாள். "பொன்னமராவதி அங்கிட்டுல்ல இருக்கு?" என்றாள், முதுகுப் பக்கம் கட்டைவிரலைக் காட்டி.

"வண்டிக்கு வீட்டு ஞாபகம் வந்துருச்சு போல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வேலை போயிற்று என்று அழப்போகிறாள் என நினைத்தேன். இறங்கிப் போய் ரோட்டோரம் நின்றுகொண்டாள். "மெதுவா ஓட்டிட்டு வாங்க. எனக்கு நேரா வந்ததும் மிதிங்க" என்றாள். ஓட்டினேன், மிதித்தேன். "திரும்பப் போய் வாங்க." போய் வந்தேன். பாடம் ஒப்பிக்காத பையனைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிற மாதிரி வேலை வாங்கினாள்.

"மிதிக்கும்போது மூக்கு கீழ எறங்குது. பின்பக்கம் தூக்குது" என்றாள். "எங்க அப்பா வண்டியில எல்லாரும் முன்னால நெருங்கி உக்காந்தா என்ன சொல்லுவாரு?"

"முன்பாரம் ஆயிருச்சு, பின்னால தள்ளுங்கம்பாரு."

"இதுவும் அதேதாங்க. எஞ்சினே முன்னால இருக்கு. நீங்க மிதிச்சா மிச்சப் பாரமும் முன்னால ஓடிருது. பின்சக்கரத்துல ஒன்னுமே இல்ல. ஒன்னுமில்லாத சக்கரத்தப் போய் இந்தப் பிடி பிடிச்சா, அது வழுக்கி வண்டியே சுத்தாம என்ன செய்யும்? அன்னைக்கு எங்க சித்தப்பாமார் அத்தன பேரும் பின்னால உக்காந்திருந்தாங்க, நின்னுச்சு. தினமும் அவங்கள ஏத்திக்கிட்டா நான் பள்ளிக்கூடம் போக முடியும்?"

சைக்கிளில் முன் பிரேக் பிடித்தால் ஏன் தலைகுப்புற விழுவார்கள் என்பது எனக்கு அந்த ரோட்டில்தான் விளங்கியது. கடை போட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வெளியே சொல்லவில்லை.

அங்கிருந்தே மெதுவாகப் புதுக்கோட்டைக்கு விட்டோம். கார் பொன்னமராவதிக்குப் போகாமல் திரும்பி நின்றது அந்த வகையில் வசதியாகவே இருந்தது. மெக்கானிக்கிடம் அவளே பேசினாள். "பின்னால பழைய சிலிண்டரையே போடுங்க. முன்சக்கரத்தக் கழட்டிப் பாருங்க."

கழற்றினான். உள்ளே பிரேக் கட்டையின் பட்டை வருஷக்கணக்காக மிதித்த செருப்பு போலத் தேய்ந்து, எண்ணெய் வேறு ஊறிக் கிடந்தது. "இத வச்சுக்கிட்டா அண்ணே இத்தன நாள் ஓட்டுனீங்க?" என்று என்னை மரியாதையோடு பார்த்தான். புதுப் பட்டை அடித்து, எண்ணெய்க் கசிவை நிறுத்தி, பிரேக் குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டான். பொழுது சாய்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் மறுபடி கம்பை நட்டார். "பின்னால யாரும் ஏறலையா? சிலிண்டரையும் எடுத்துட்டீங்களாம்ல?" என்றார். "ஏறலப்பா, எடுத்தாச்சு" என்று அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். காலி பின்சீட்டோடு இறங்கினோம். மிதித்தேன். கார் மூக்கைத் தாழ்த்தி, கோடு போட்ட மாதிரி நேராகப் போய், கம்புக்கு முன்னால் நின்றது. மாமனார் குனிந்து முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மாடு நல்லா இருந்தா கட்டை எதுக்கு" என்றார், தானே அப்போது கண்டுபிடித்தவர் போல.

திங்கட்கிழமை விடிந்ததும் வந்து, பின்சீட்டில் ஒரு சாக்கைத் தூக்கி வைத்தார். "எதுக்குப்பா?" என்றாள். "பாரத்துக்கு. எதுக்கும் இருக்கட்டும்."

பள்ளிக்கூட வாசலில், அவள் சொன்ன இடத்தில் கார் நின்றது. மணி இன்னும் அடிக்கவில்லை. இறங்கியவள் சாக்கின் வாயைப் பிரித்துப் பார்த்தாள். அத்தனையும் வறுத்த கடலை. பாரத்துக்கு யாராவது கடலையை வறுத்து வைப்பார்களா? கூட வேலை பார்க்கப் போகிற டீச்சர்களுக்குத்தான்.

சாக்கை நான் தூக்கிக்கொள்ள, அவள் முன்னால் நடந்தாள்.