டர்போ குடியிருந்த காம்பரா

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் ஒற்றைக் காம்பராவில் கட்டில் போட இடமில்லை. இஞ்சினுக்கு மட்டும் தாராளமாக இடமிருந்தது. தோட்டத்து பேக்டரியில் ஃபிட்டராக இருந்த என் வீட்டுக்காரர், கார் இஞ்சின் ஒன்றை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார். நாங்கள் பாயில் படுத்தோம். இஞ்சினுக்குப் புதுப் போர்வை. தூசி பட்டால் அதற்கு ஆகாதாம்.

எல்லாம் பலாங்கொடையில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த முதலாளியால் வந்தது. நேர் ரோட்டில் இரண்டு கார்களை ஓடவிட்டு எது முந்துகிறது என்று பார்க்கும் ரேஸில் அவருக்குப் பைத்தியம். அவருடைய பழைய ஜப்பான் காருக்கு டர்போ பூட்டி, எம்பிலிப்பிட்டியவில் நடக்கும் ரேஸில் ஜெயித்துக் கொடுத்தால், என் வீட்டுக்காரர்தான் அவர் கராஜில் தலைமை மெக்கானிக். கராஜுக்குப் பின்னாலிருந்த வீடும் எங்களுக்கு என்று வாக்குக் கொடுத்தார். வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய்! மலைத் தண்ணீர் விழும் பொதுப் பீலிக்கரையில் வாளியோடு நின்று சண்டை போட்டே பாதி ஆயுள் போன எனக்கு, அந்தக் குழாய் கனவில்கூட வந்தது. அதனால்தான் இஞ்சினோடு குடித்தனம் நடத்தச் சம்மதித்தேன்.

டர்போ என்றால் என்னவென்று ஒருநாள் விளக்கினார். வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதை வைத்து இஞ்சினுக்குள் இன்னும் காற்றைத் திணிப்பதாம்.

"வெளிய போற பொகைக்கெல்லாம் வேல குடுக்குறீங்க. என் அடுப்புப் பொகைக்கும் ஒரு வழி பண்ணுங்களேன்" என்றேன்.

"புது வீட்ல பாத்துக்குவோம் புள்ள."

தட்டுத் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்து, பிஸ்டன்களை ஜோடி ஜோடியாக வைத்து, எல்லாம் ஒரே எடைக்கு வரும்வரை கனத்ததை அரத்தால் சுரண்டினார். எனக்கு மூக்குத்தி வாங்கியபோதுகூட அவ்வளவு கவனமாகத் தராசைப் பார்த்தவரில்லை.

ஒருவழியாக இஞ்சின் காருக்குள் குடிபோனது. ஓட்டிப் பார்க்க எங்கள் மலையில் நேரான ரோடு ஏது? பேக்டரிக்கு முன்னாலிருந்த துண்டு ரோட்டில், விடியற்காலைப் பனிமூட்டத்தில் தினமும் உறுமினார். லயமே எழுந்து வாழ்த்தியது. அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அந்தக் குளிருக்குத்தான் காற்றையும் பெட்ரோலையும் அளந்து வைத்தார். எம்பிலிப்பிட்டிய கொதிக்கிற சமவெளி என்பது அவருக்கும் தோன்றவில்லை, முதலாளிக்கும் தோன்றவில்லை. நானோ புது வீட்டுக்கென்று சட்டி பானையைச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு ரேஸ் பார்க்கப் போனேன்.

உச்சி வெயில். தார் செருப்பில் ஒட்டியது. சும்மா ஒருதரம் ஓட்டிப் பார்த்தபோதே, தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டு ஆட்டியது போல இஞ்சினுக்குள் சத்தம். இறங்கி வந்தவரின் முகம் வெளுத்திருந்தது.

"சூட்டுக் காத்து உள்ள போகுது மொதலாளி. டர்போ அழுத்தத்தக் கொறைக்கணும். இல்லாட்டி பிஸ்டன் உருகிரும்."

"கொறச்சா நம்மளோட ஓடுற கொழும்புக் கார் முந்திருமே தம்பி!" முதலாளிக்கு மானம் போய்விடுமாம்.

"கொறைச்சிருங்க" என்றேன் நான். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். பிறகு ஸ்க்ரூட்ரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

கொடிக்காரன் "லேஸ்தித?" என்று, தயாரா என்பதைச் சிங்களத்தில் கேட்டு, கொடியை இறக்கினான். பாதித் தூரம்வரை எங்கள் கார்தான் முன்னால். நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. அப்புறம் குப்பென்று நீலப் புகை. கொழும்புக் கார் ஆற அமரத் தாண்டிப் போனது. முதலாளி குடையை விரித்துக்கொண்டு நடந்தார். வீட்டுப் பேச்சும் அவரோடேயே போய்விட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன்: "நாந்தான் கொறைக்கச் சொன்னேனே! ஏன் கொறைக்கல?"

"நீதான் சட்டி பானயக் கட்டி வச்சிட்டியே" என்றார்.

அதற்கப்புறம் எனக்குத் திட்ட வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அந்த மனுஷன்மேல் அவ்வளவு பாசம் வந்தது அன்றைக்குத்தான்.

முதலாளியின் கராஜில் இஞ்சினைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, உருகிய பிஸ்டனைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தார். நடுவில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. மண் அடைத்து, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். தினமும் அதில்தான் ஊதுபத்தி குத்துகிறேன். பீலிக்கரையிலிருந்து தண்ணீர் கொண்டு வந்த பிறகு.